ஃப்ரீசரில் மீனும் கறியும் கெடாமல் வைக்க: ஒரு மெக்கானிக் சொல்வது

தூத்துக்குடியில் வீட்டு ஃப்ரிட்ஜ்களைப் பழுது பார்ப்பது என் தொழில். 'கூலிங் பத்தலை, ஃப்ரீசரில் வைத்த மீன் நாறுது' என்று கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் பல வீடுகளில் மெஷின் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். ஃப்ரீசரைத் திறந்தால் ஞாயிற்றுக்கிழமை வாங்கிய சாளை கேரி பேக்கோடு ஒரே உருண்டையாக உறைந்து கிடக்கும். அதன்மேல் கோழிக்கறி, இடுக்கில் இறால். கோளாறு வைத்த விதத்தில் இருக்கிறது.

ஃப்ரீசர் கிருமியைக் கொல்லாது, வளரவிடாமல் நிறுத்தி மட்டும் வைக்கும். வெளியே எடுத்து இளகியதும் அவை மறுபடி பெருகத் தொடங்கும். அதனால் உள்ளே போகும்போது மீன் எப்படி இருந்ததோ, அதைவிட நன்றாக அது வெளியே வராது. சூரை, அயலை, சாளை இந்த மூன்றிலும் கூடுதல் கவனம் வேண்டும். இவை வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகிவிடும். பிறகு உறைய வைத்தாலும் கொதிக்க வைத்தாலும் அது போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவக்கும், உடம்பு அரிக்கும், தலை வலிக்கும். மார்க்கெட்டிலேயே ஐஸ் போட்டு வாங்குங்கள், நேராக வீட்டுக்கு வாருங்கள். நம்மூர் வெயிலில் மீனோ கறியோ ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது.

வந்ததும் குடலையும் செவுளையும் எடுத்துக் கழுவி, நீரை வடித்துத் துணியால் ஒற்றி எடுங்கள். ஒரு வேளைக் குழம்புக்கு எவ்வளவோ அவ்வளவை மட்டும் ஒரு ஜிப் கவரில் போட்டு, துண்டுகளை ஒரே அடுக்காகப் பரப்புங்கள். கவரை உள்ளங்கையால் நீவி, காற்றை வெளியேற்றி மூடுங்கள். தேதி எழுதுங்கள். இந்தத் தட்டையான பொட்டலத்தைத்தான் நான் எல்லா வீட்டிலும் வலியுறுத்திச் சொல்கிறேன், காரணம் இருக்கிறது. மீன் மெதுவாக உறைந்தால் அதன் தசைக்குள் பெரிய பெரிய ஐஸ் படிகங்கள் உண்டாகித் தசையைக் கிழிக்கும். இளகும்போது தண்ணீரெல்லாம் ஒழுகி, சமைத்தால் சக்கையாக இருக்கும். மெல்லிசாகப் பரப்பினால் சீக்கிரம் உறையும், படிகம் சின்னதாக இருக்கும், ருசி நிற்கும். இரண்டு கிலோ உருண்டையில் வெளிப்புறம் கல்லாகிவிடும், நடுவே நெடுநேரம் குளிர் போய்ச் சேராது.

சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜில் பெரும்பாலும் ஃப்ரீசரின் தகடுதான் குளிரூட்டும் பாகமே. பொட்டலம் அந்தத் தகட்டைத் தொட்டபடி கிடந்தால் வேகமாக உறையும். ஒரு ராத்திரி கழித்து எல்லாவற்றையும் புத்தகம்போல் நிறுத்தி அடுக்கிக்கொள்ளலாம். டபுள் டோரில் குளிர்காற்றை ஃபேன் தள்ளுகிறது, அந்த ஓட்டையை எதையும் வைத்து அடைத்துவிடாதீர்கள். அடைத்தால் ஃப்ரீசர் மட்டும் குளிரும், கீழே மாவு புளித்துப் பொங்கும்.

காற்றை ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்பார்கள். கவருக்குள் காற்று இருந்தால் உறைந்த மீனின் ஈரம் ஃப்ரீசருக்குள்ளேயே ஆவியாகிப் போகும். மேல்பக்கம் வெளுத்து, வறண்டு, நார்போல் ஆகும். தின்றால் கெடுதல் இல்லை, ருசி மட்டும் போய்விடும். இறாலுக்கு இன்னொரு வழி உண்டு. சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் இறாலைப் போட்டு, மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி உறைய வையுங்கள். ஐஸே அதற்கு மூடியாக நிற்கும். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருகும் என்பதால் டப்பாவில் மேலே இடம் விடுங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டாம்.

சாளை, அயலை மாதிரி எண்ணெய் மீனை இரண்டு மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள், கொழுப்பு சிக்கு வாடை எடுத்துவிடும். விளைமீன், பாறை போன்றவை அதைவிட நாள் தாங்கும். கொத்துக்கறி மூன்று நான்கு மாதம். இதெல்லாம் ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் இருந்தால் மட்டும். ஃப்ரீசர் கதவில் ஸ்டார் குறி இருந்தால் பாருங்கள்: ஒன்று என்றால் மைனஸ் 6, இரண்டு மைனஸ் 12, மூன்று மைனஸ் 18. கரண்ட் சிக்கனத்துக்கு ஒட்டும் ஸ்டார் ஸ்டிக்கர் வேறு. கீழ்ப்பகுதி 4 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. திருகில் உள்ள எண் டிகிரி அல்ல, பெரும்பாலானவற்றில் எண் கூடினால் குளிர் கூடும், அவ்வளவுதான். ஒரு ஃப்ரிட்ஜ் தெர்மாமீட்டர் வாங்கி, நடுத்தட்டில் தண்ணீர் டம்ளருக்குள் ராத்திரி முழுக்க வைத்துப் பாருங்கள். சந்தேகம் தீரும்.

கடையில் ஃப்ரோசன் பட்டாணி வாங்கினால் பாக்கெட்டைக் குலுக்குங்கள். மணிமணியாக உதிர வேண்டும். கட்டியாக இருந்தால் வழியில் இளகி மறுபடி உறைந்தது, விட்டுவிடுங்கள்.

இளக வைக்க, முந்தின ராத்திரியே ஒரு பாத்திரத்தில் போட்டு ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் வையுங்கள். மேல்தட்டில் வைத்தால் ஒழுகும் நீர் கொத்தமல்லியிலும் பாலிலும் விழும். அவசரமா, கவரோடு பச்சைத் தண்ணீரில் போட்டு அரை மணிக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். அடுப்பு மேடையில் காலை முழுக்கக் கிடக்கவிடாதீர்கள், வெந்நீரும் வேண்டாம். ஃப்ரிட்ஜுக்குள்ளேயே இளகிய மீன் மிஞ்சினால் திரும்ப உறைய வைக்கலாம், ருசி கொஞ்சம் குறையும். வெளியே இளகியதைச் சமைத்துவிடுங்கள்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் இங்கே பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படி நேரத்தில் கதவைத் திறக்காமல் இருப்பதே பெரிய வேலை. மூடியே இருந்தால் கீழ்ப்பகுதி சுமார் நாலு மணி நேரம் தாங்கும். நிறைந்த ஃப்ரீசர் இரண்டு நாள்வரை, பாதி நிறைந்தது ஒரு நாள். நம் சின்ன சிங்கிள் டோர் பெட்டிக்கு அதிலும் குறைத்தே கணக்கிடுங்கள். காலி இடத்தில் முக்கால் நிரப்பிய தண்ணீர் பாட்டில்களை வைத்திருந்தால் குளிர் கூடுதலாக நிற்கும். ஊருக்குப் போகும்போது ஒரு கிண்ணத்தில் தண்ணீரை உறைய வைத்து, மேலே ஒரு ரூபாய் காசை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது காசு மேலேயே இருந்தால் சரி. அடியில் கிடந்தால் எல்லாம் இளகி மறுபடி உறைந்திருக்கிறது, மீனையும் கறியையும் கொட்டிவிடுங்கள்.

கடைசியாக என் தொழில் விஷயம். சிங்கிள் டோர் ஃப்ரீசரில் ஐஸ் அரை விரல் கனத்துக்கு ஏறினால் டிஃப்ராஸ்ட் பட்டனை அழுத்துங்கள். ஐஸ் கனத்தால் குளிர் வெளியே வராது, கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருக்கும். கத்தியால் மட்டும் குத்தாதீர்கள், தயவுசெய்து. அந்த அலுமினியத் தகட்டுக்குள்தான் கேஸ் ஓடுகிறது. ஒரு துளை விழுந்தால் பெரிய செலவு. இப்போது வருகிற பல மாடல்களில் இருப்பது எரியக்கூடிய கேஸ், அது கசிந்தால் ஆபத்தும்கூட. ஸ்விட்சை அணைத்து, ஒரு பாத்திரத்தில் வெந்நீரை உள்ளே வைத்துக் கதவைத் திறந்து விடுங்கள், ஐஸ் தானே கழன்று விழும். ஈரத்தைத் துடைத்து, ஸ்விட்சைப் போட்டு, நன்றாகக் குளிர்ந்த பிறகு பொட்டலங்களை அடுக்குங்கள். அதுவரை அவை ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டியில் இருக்கட்டும்.