‘சரிங்க மேடம்’: கவுன்சலிங் அறையில் உறவைக் கட்டுவதும் விரிசலைச் சரிசெய்வதும்

வருபவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார். “சரிங்க மேடம், செய்றேன்” என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டுப் போகிறார். அடுத்த வாரம் ஆளைக் காணோம். போன் செய்தால், “ஊருக்கு வந்திருக்கேங்க, திரும்பி வந்ததும் கூப்பிடுறேன்.” தொழிலுக்குப் புதிதாக வந்த கவுன்சலர், ‘ஈடுபாடு இல்லை’ என்று கோப்பில் எழுதி மூடிவிடுகிறார். பல நேரம் அந்தச் ‘சரிங்க’ வந்த நொடியிலேயே இருவருக்கும் இடையிலான உறவு அறுந்திருக்கும், கவுன்சலர் கவனித்திருக்கமாட்டார்.

உறவு என்பது அறைக்குப் பூசும் வாசனை, வேலை செய்வது சிகிச்சை முறைதான் என்று படித்துவிட்டு வருபவர்கள் உண்டு. அவர்களுக்காக ஒரு கணக்கு. 2018இல் வெளிவந்த ஒரு பெருந்தொகுப்பு ஆய்வு, 295 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. அவற்றில் இருந்தவர்கள் 30,000க்கும் மேல். உறவின் தரத்துக்கும் சிகிச்சையின் பலனுக்கும் இடையிலான தொடர்பெண் 0.28. ஒருவருக்கும் இன்னொருவருக்கும் கிடைக்கும் பலனில் உள்ள வேறுபாட்டில் சுமார் 8 சதவீதத்தை உறவின் தரம் விளக்குகிறது என்று பொருள். எட்டுதானா என்று தோன்றும். மனச்சோர்வு போன்ற சிக்கல்களில் இந்த முறையா அந்த முறையா என்று நேருக்கு நேர் ஒப்பிட்டால் கிடைக்கும் வித்தியாசம் பெரும்பாலும் இதைவிடச் சிறியது. குணமாவதால்தான் உறவு நன்றாகத் தெரிகிறதோ என்ற சந்தேகமும் நியாயமானதே. உண்மையில் இரண்டும் ஒன்றையொன்று கை கொடுத்துத் தூக்குகின்றன.

இந்த உறவு எதனால் ஆனது என்பதற்கு உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979இல் தந்த வரையறை இன்றும் பயன்படுகிறது. எதற்காக வந்திருக்கிறோம் என்பதில் உடன்பாடு, அதற்கு என்ன செய்யப்போகிறோம் என்பதில் உடன்பாடு, இருவருக்கும் இடையிலான பிணைப்பு என்று மூன்று கால்கள். புதியவர்கள் மூன்றாவதை மட்டும் உறவு என்று எண்ணிக்கொண்டு புன்னகையில் முழுக் கவனத்தையும் வைக்கிறார்கள். நம் பக்கத்தில் முதலில் ஒடிவது மற்ற இரண்டு கால்கள்.

முதல் 50 நிமிடம்

வருபவர் தனியாக வருவது குறைவு. அம்மாவோ கணவரோ மாமனாரோ கூட வருவார்கள். கட்டணமும் அவர்கள் பையிலிருந்துதான் வரும். எல்லோரையும் சேர்த்து 10 நிமிடம் பார்த்துவிட்டு, மீதி நேரத்தை வருபவருக்கு மட்டும் கொடுங்கள். குடும்பத்தை வெளியே அனுப்பும் முன், அவர்கள் காதிலும் விழும்படி ரகசிய ஒப்பந்தத்தைச் சொல்லிவிடுவது நல்லது: “இங்க இவங்க பேசறது இங்கேயேதான் இருக்கும். உயிருக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா மட்டும், இவங்ககிட்ட சொல்லிட்டு, யாருக்குச் சொல்லணுமோ அவங்களுக்குத் தெரியப்படுத்துவேன்.” 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியத்தை உரிமையாகவே வைத்திருக்கிறது, விதிவிலக்குகளையும் சொல்கிறது. குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் போக்சோ சட்டப்படி புகார் செய்தே ஆகவேண்டும். இதை முதல் நாளே சொல்லாமல் ஆறாவது வாரம் சொன்னால், அதுவரை கட்டியதெல்லாம் ஒரே நாளில் போய்விடும்.

எல்லோரும் வெளியே போனதும் கேட்கவேண்டிய முதல் கேள்வி, “என்ன பிரச்சினை?” இல்லை. “இங்க வரணும்னு யார் சொன்னாங்க? உங்களுக்கு அது எப்படி இருந்துச்சு?” இழுத்துக்கொண்டு வரப்பட்டவரிடம், தானே விரும்பி வந்தவரிடம் பேசுவதுபோலப் பேசினால், அவர் அன்றே நம்மை அம்மாவின் ஆள் என்று முடிவு கட்டிவிடுவார்.

இலக்கை அவர் வாயால் எடுங்கள். “மனசு சரியில்லை” என்பது இலக்கு ஆகாது, ஆனால் தொடங்க நல்ல இடம். “மனசு சரியில்லாத அன்னைக்கு எது நடக்காமப் போகுது?” என்று கேட்டால், “ராத்திரி மூணு மணி வரைக்கும் முழிச்சிருக்கேன்”, “கடைக்குப் போனா படபடன்னு வருது” என்று பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைக்கும். அவர் சொன்ன வார்த்தையையே பிறகும் பயன்படுத்துங்கள். அவர் ‘படபடப்பு’ என்றதை நாம் ‘பதற்றக் கோளாறு’ என்று திருத்தினால், பேச்சு அவர் கையை விட்டுப் போகிறது.

அம்மாவின் இலக்கு “அவன் காலேஜுக்குப் போகணும்.” மகனின் இலக்கு “அம்மா என்னைக் கொஞ்ச நாள் விட்டாப் போதும்.” இரண்டையும் ஒரே தாளில் எழுதி அவனிடமே காட்டலாம். எதில் தொடங்குவது என்று அவனே விரல் வைக்கட்டும். அம்மாவின் இலக்கை ரகசியமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவனுடைய இலக்கைப் பேசுவதுபோல நடித்தால், இரண்டாவது செஷனுக்குள் கண்டுபிடித்துவிடுவான்.

வேலையில் உடன்பாடு

வீட்டில் செய்யச் சொல்லும் பயிற்சிகள் இங்கேதான் சிக்குகின்றன. எண்ணங்களை நோட்டில் எழுதி வரச் சொல்கிறோம். கூட்டுக் குடும்பத்தில் இருக்கும் ஒரு மருமகளுக்கு அந்த நோட்டை ஒளித்துவைக்க இடம் எங்கே? அதைச் சொல்லவும் கூச்சப்பட்டு “சரிங்க” என்று போய்விடுவார். ஒவ்வொரு பயிற்சிக்கும் முன்னால் இரண்டைச் செய்யுங்கள். இது எதற்கு என்று மூன்று வாக்கியத்தில் விளக்குங்கள். பிறகு, “இதைச் செய்ய விடாம எது தடுக்கும்?” என்று கேளுங்கள். ‘செய்வீங்களா?’ என்று கேட்டால் ‘ஆமாம்’தான் வரும். நோட்டு முடியாதென்றால் சுவரிலிருக்கும் தினசரிக் காலண்டர் தாளில் 0 முதல் 10 வரை ஓர் எண். பார்ப்பவர்களுக்கு அது பால் கணக்கு.

பிணைப்பு, அளவோடு

உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957இல் எழுதிய கட்டுரையில் வலியுறுத்திய மூன்று தன்மைகளை எல்லாப் பாடத்திட்டத்திலும் படிக்கிறோம்: மற்றவர் நிலையில் நின்று உணர்வது, நிபந்தனை வைக்காமல் மதிப்பது, உள்ளொன்று புறமொன்று இல்லாமல் இருப்பது. நடைமுறையில் முதலாவது “புரியுதுங்க, புரியுதுங்க” என்று தேய்ந்துவிடுகிறது. அந்தச் சொல்லைத் தவிர்த்துவிட்டு, என்ன புரிந்தது என்பதைச் சொல்லிப் பாருங்கள். “அவர் கத்தினதைவிட, அத்தை முன்னாடி கத்தினதுதான் உங்களுக்கு ஆறல” என்று சொன்னால், சரியென்றால் அவர் முகம் மாறும், தப்பென்றால் திருத்துவார். திருத்துவதுகூட உறவு வளர்வதன் அடையாளமே.

எப்படி அழைப்பது என்பதும் சின்ன விஷயமில்லை. பள்ளியின் மேல்வகுப்பு மாணவர்களிலிருந்து எல்லோருக்கும் ‘நீங்க’ பாதுகாப்பானது. ‘வா, போ’ பாசமாகத் தோன்றினாலும், எதிரில் இருப்பவரைத் தம்பியாகவோ பிள்ளையாகவோ ஆக்கிவிடும். பிள்ளை எதிர்த்துப் பேசக்கூடாதே. அவர்கள் நம்மை ‘அக்கா’ என்றோ ‘சார்’ என்றோ அழைப்பதைத் திருத்தவேண்டியதில்லை. அந்த அழைப்போடு என்னென்ன கடமைகள் ஒட்டிக்கொண்டு வருகின்றன என்று கவனித்தால் போதும்.

இங்கே வருபவர்கள் அறிவுரை கேட்பார்கள். ஜே. எஸ். நேகி என்ற இந்திய மனநல மருத்துவர் 1973இல் குரு-சிஷ்ய உறவையே சிகிச்சைக்கான மாதிரியாகக் கொள்ளமுடியுமா என்று எழுதினார். மேற்கத்திய சமநிலை உறவை அப்படியே இறக்கினால், வழிகாட்டலை எதிர்பார்த்து வந்தவர் கைவிடப்பட்டதாக உணரக்கூடும் என்பது கவனிக்கத்தக்க எச்சரிக்கை. ஆகவே அறிவுரை கேட்டதும், “நாங்க அட்வைஸ் பண்றதில்லை” என்று முகத்தில் கதவைச் சாத்தாதீர்கள். தூக்கம், மூச்சுப் பயிற்சி, மருத்துவரிடம் போவது போன்றவற்றில் தெளிவாக வழி சொல்லுங்கள். கல்யாணம், பிரிவு, வேலையை விடுவது போன்றவற்றில் முடிவு அவருடையது. கூட உட்கார்ந்து யோசிப்பது நம் வேலை.

விரிசல்

மாற்றம் நடக்கும் இடம் பெரும்பாலும் இது. ஜெரமி சாஃப்ரன், கிறிஸ்டஃபர் முரன் என்ற இரு உளவியலாளர்கள் உறவு விரிசல்களை இரண்டு வகையாகப் பிரித்தார்கள். ஒன்று மோதல்: “நாலு வாரமா வர்றேன், ஒண்ணும் ஆகல, உங்களுக்கு இதெல்லாம் எங்க புரியப்போகுது?” இன்னொன்று விலகல். நம் அறைகளில் மோதல் அரிது. காசு கொடுத்து வந்தாலும் படித்தவரை எதிர்த்துப் பேசமாட்டார்கள். விலகல்தான் அதிகம், அது மரியாதை வேடத்தில் வரும்.

அடையாளங்கள் இவை: பதில்கள் சுருங்கும். கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் வேறு யாருடைய கதையோ நீளும். வலிக்கவேண்டிய இடத்தில் சிரிப்பு வரும். பத்து நிமிடம் தாமதம் என்பது இருபதாகும். ‘சரிங்க’ கூடும், முன்பைவிட வேகமாக வரும். நம் பக்கத்திலும் அடையாளம் உண்டு: நாம் திடீரென்று நிறையப் பேசுவோம், அல்லது கடிகாரத்தைப் பார்ப்போம்.

கவனித்ததும் எடுத்த வேலையை நிறுத்துங்கள். பயிற்சியை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று தள்ளுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. முறையை இன்னும் இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க விரிசல் அகலும். பார்த்ததைப் பழி இல்லாமல் சொல்லுங்கள்.

“எழுதிட்டு வந்தீங்களான்னு கேட்டதும் உங்க குரல் கொஞ்சம் இறங்கின மாதிரி இருந்துச்சு.”

“அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க மேடம்.”

இந்த ‘ஒண்ணுமில்லை’யை முட்டித் திறக்கவேண்டாம். தவற்றின் ஒரு முனையை நாமே எடுத்துக்கொண்டால் அவருக்குப் பேச இடம் கிடைக்கும்.

“நான் டீச்சர் மாதிரி ஹோம்வொர்க் செக் பண்ணிட்டேனோன்னு எனக்கே தோணுது.”

“கொஞ்சம்… அப்படித்தான் இருந்துச்சு.”

அடுத்த அரை நிமிடம் முக்கியம். விளக்கம் தராதீர்கள். “இல்ல, அது உங்க நல்லதுக்குத்தான்” என்று தொடங்கினால், அவர் வாழ்நாள் முழுக்கக் கேட்ட வாக்கியத்தையே நாமும் சொல்கிறோம். “சொன்னது நல்லதாப் போச்சு. நான் கேட்ட விதம் அப்படித்தான் இருந்திருக்கு” என்று ஏற்றுக்கொண்டு, அப்போது மனதில் என்ன ஓடியது என்று கேளுங்கள். பயிற்சியை மாற்றவேண்டுமென்றால் அங்கேயே மாற்றுங்கள். இதெல்லாம் ஆறிய பிறகு, அவசரப்படாமல் ஒரு கேள்வி: “பிடிக்காததைச் சொல்லாம உள்ள வச்சுக்கிறது வேற எங்கெல்லாம் நடக்குது?” சிலர் அன்றே பேசுவார்கள். சிலருக்கு மூன்று வாரம் ஆகும். முதல் நிமிடத்திலேயே இந்தக் கேள்வியைக் கேட்டால், நம் தவற்றை அவர் குணத்தின் மேல் ஏற்றியதாகிவிடும்.

இதில் ஏன் மாற்றம் வருகிறது? பெரியவர் முன் ‘பிடிக்கவில்லை’ என்றால் அடியோ, பல நாள் பேசாமையோ கிடைக்கும் என்பது அவர் உடம்பில் ஊறிய கணக்கு. இங்கே சொன்னார், எதுவும் உடையவில்லை. எதிரில் இருந்தவர் கோபிக்கவில்லை, அழவில்லை, உறவை வெட்டவில்லை. பழைய கணக்கு முதல்முறையாகத் தப்பாகிறது. அலெக்சாண்டர், ஃபிரெஞ்ச் என்ற இரு மனப்பகுப்பாய்வாளர்கள் 1946இல் இதற்குத் திருத்தும் உணர்வனுபவம் என்று பெயர் வைத்தார்கள். ஒருமுறை போதாது, சின்னச் சின்னதாகப் பலமுறை நடக்கவேண்டும். வெளியில் முயலும்போது பாதுகாப்பான ஆளிடமிருந்து தொடங்கட்டும்: தோழி, அக்கா, அலுவலகத்தில் ஒத்துப்போகும் ஒருவர். அடிக்கிற கணவரிடம் ‘மனசுல பட்டதைச் சொல்லிப் பாருங்க’ என்று அனுப்புவது ஆபத்து. அங்கே தேவை பாதுகாப்புத் திட்டம்.

அளந்து பாருங்கள்

நம் உள்ளுணர்வு மட்டும் போதாது. அமெரிக்காவில் 2005இல் வெளியான ஓர் ஆய்வில், 550 பேரில் 40 பேருக்குச் சிகிச்சை முடிவில் நிலைமை மோசமாகியிருந்தது. யாருக்கு மோசமாகும் என்று சிகிச்சையாளர்கள் முன்கூட்டிச் சொன்னது 3 பேரை; அதில் சரியாக இருந்தது 1.

செஷன் மதிப்பீட்டுத் தாள் ஒன்று உண்டு: 10 சென்டிமீட்டர் நீளத்தில் நான்கு கோடுகள். நான் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டார்களா, நான் பேச நினைத்ததைப் பேசினோமா, முறை எனக்குப் பொருந்தியதா, மொத்தத்தில் எப்படி என்று ஒவ்வொன்றிலும் ஒரு குறி. அளவுகோலால் அளந்து கூட்டினால் 40க்கு மதிப்பெண். 36க்குக் கீழே போனால் பேசவேண்டும் என்பது கணக்கு. நம் ஊரில் எல்லோரும் 40 போடுவார்கள். குறைத்துப் போடுவது மரியாதைக் குறைவு. 45ஆவது நிமிடத்தில் தாளைக் கொடுத்துவிட்டு, குறி வைக்கும்போது பார்க்காமல் வேறு பக்கம் திரும்புங்கள். 40 வந்தால், “அடுத்த வாரம் ஒண்ணே ஒண்ணை மாத்தணும்னா எதை மாத்தலாம்?” என்று கேளுங்கள். ஒருவரின் எண் 39இலிருந்து 36க்கு இறங்கினால், எப்போதும் 34 போடுபவரைவிட அவரைக் கவனிக்கவேண்டும்.

உறவால் முடியாதவை

நல்ல பிணைப்பு மருந்துக்கு மாற்றாகாது. காதில் குரல் கேட்பவர், நாட்கணக்கில் தூங்காமல் உற்சாகத்தில் மிதப்பவர், சாப்பாட்டையே விட்டவர் ஆகியோரை மனநல மருத்துவரிடம் கூடவே அனுப்புங்கள். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் எண்ணம் முளைத்துவிடாது. இருந்தால், இரவில் அழைக்க அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 அவர் போனில் பதிவாகியிருக்கட்டும். ‘எப்ப வேணா என்னைக் கூப்பிடுங்க’ என்று சொல்லிவிட்டு நாம் தூங்கிப்போகும் வாக்குறுதியைவிட அது மேல்.

வாட்ஸ்அப்பை நேரம் மாற்றுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கடன் கொடுப்பது, வாங்குவது, வேலைக்குச் சிபாரிசு, வீட்டு விசேஷத்துக்குப் போவது எல்லாம் உறவைக் குழப்பும். காதலும் உடலுறவும் எந்தச் சூழலிலும் கூடாது. ஈர்ப்பு வந்தால் அது மேற்பார்வையாளரிடம் பேசவேண்டிய விஷயம், அன்றைக்கே.

முடிக்கும் தேதியைக் குறைந்தது மூன்று செஷனுக்கு முன்பே சொல்லுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் போனவர்களால் காயப்பட்டவர்களுக்கு, சொல்லிவிட்டுப் பிரிவது புது அனுபவம். கடைசிக்கு முந்தைய செஷனில் பழைய புகார்கள் திரும்பி வரலாம், தூக்கம் கெட்டதென்பார். பயந்துபோய் இன்னும் பத்து செஷன் நீட்டவேண்டாம், பிரிவைப் பற்றிப் பேசுங்கள். கடைசி நாளில், “நமக்குள்ள எப்ப சிக்கலாச்சு, எப்படிச் சரியாச்சு?” என்று கேட்டு, அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். அன்றைக்கு ஸ்வீட் பாக்ஸோடு வந்திருந்தால், அங்கேயே பிரித்து ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு மீதியை அவர் வீட்டுக்கே அனுப்பிவிடலாம்.