டேக் என்ற ஆங்கில வினையை வேரிலிருந்து படிப்பது எப்படி?

காரைக்குடியில் என்னிடம் ஆங்கிலம் படிக்க வரும் கல்லூரிப் பிள்ளைகள் அதிகம் திணறுவது டேக் என்ற வினையில்தான். அகராதியில் அதற்குப் பத்தி பத்தியாகப் பொருள் இருக்கிறது. மனப்பாடம் செய்தால் பரீட்சை முடிந்ததும் மறந்துபோகிறது. வேரைத் தெரிந்துகொண்டு பொருளுக்கு வந்தால் மனதில் நிற்கிறது. அதற்கான வழி இது. இன்டர்நெட் உள்ள போனும் ஒரு நோட்டும் போதும்.

முதல் படி: அன்றாடம் காதில் விழும் டேக் வாக்கியங்களை நோட்டில் எழுதுங்கள். டேக் எ பஸ், டேக் எ போட்டோ, டேக் மெடிசின், டேக் அன் எக்ஸாம், இட் டேக்ஸ் அன் அவர். ஏழெட்டு இருந்தால் போதும்.

இரண்டாம் படி: கேம்பிரிட்ஜ் அல்லது லாங்மன் கற்போர் அகராதியில் ஒவ்வொன்றுக்கும் பொருள் பாருங்கள். ஆங்கிலம்–தமிழ் ஆப்கள் இந்த வேலைக்கு வேண்டாம் என்பது என் கருத்து. எடு, கொள், பெறு, பிடி என்று அடுக்கிவிட்டு, எது எங்கே வரும் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. 1989-இல் 20 தொகுதிகளாக வந்த பெரிய ஆக்ஸ்போர்டு அகராதி நூலகத்தில் கிடைத்தால் அதையும் புரட்டுங்கள். பழைய பொருளில் தொடங்கிப் புதிய பொருளுக்கு வரும் வரிசை அதில் இருக்கிறது.

மூன்றாம் படிதான் முக்கியம். எட்டிமான்லைன் தளத்தில் டேக் என்று தேடுங்கள். இலவசம், சொல் வரலாற்றுக்கு நான் முதலில் போகும் இடமும் அதுதான். அங்கே பல மொழிகளின் பெயர்கள் ஒரே பத்தியில் வரும். பலரும் குழம்புவது இங்கேதான். ‘ஃப்ரம்’ என்ற சொல்லுக்குப் பின்னால் வருவது தாய். ‘காக்னேட்’ என்று வருவது உடன்பிறப்பு. சொல்லுக்கு முன்னால் நட்சத்திரக் குறி இருந்தால், அந்த வடிவம் எந்த ஏட்டிலும் கிடைத்ததல்ல, அறிஞர்கள் ஒப்பிட்டு ஊகித்தது. இந்த மூன்றுக்கும் மூன்று நிற மையில் அடிக்கோடு போடுங்கள்.

அப்படிப் பிரித்தால் டேக்கின் கதை தெளிவாகும். தாய், வட ஐரோப்பாவில் அந்தக் காலத்தில் பேசிய பழைய நார்ஸ் மொழியின் ‘டாகா’. அந்த மொழி பேசிய கடலோடிகளான வைகிங்குகள் 793-இல் இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைத் தாக்கினார்கள்; அடுத்த நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறினார்கள். அவர்களோடு வந்த சொல் இது. அதற்கு முன் ஆங்கிலேயர் சொன்னது ‘நிமன்’. ஜெர்மன் மொழியில் அது ‘நேமன்’ என்று இன்றும் வாழ்கிறது. ஆங்கிலத்தில் டேக் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆனாலும் ‘நம்’ (மரத்துப்போன), ‘நிம்பிள்’ (சுறுசுறுப்பான) ஆகிய இரண்டிலும் நிமன் ஒளிந்திருக்கிறது. உணர்ச்சி ‘எடுக்கப்பட்ட’ நிலைதான் நம். இதைச் சொன்ன பிறகு எந்தப் பிள்ளையும் அந்தச் சொல்லை மறந்ததில்லை.

டாகாவின் பொருள் கையால் பற்றுவது. உறவுமொழியான கோத்திக்கில் ‘டேகன்’ என்றால் தொடுவது. ஆக, அடியில் இருப்பது ஒரு கை.

நான்காம் படி: எடு என்பதை ஒதுக்கிவிட்டு, நோட்டில் உள்ள வாக்கியங்களில் பிடி என்று போட்டுப் பாருங்கள். தேவகோட்டைக்கு பஸ் பிடிக்கிறோம். போய்ச் சேர நேரம் பிடிக்கிறது. ஆயிரம் ஜன்னல் வீட்டுக்கு முன்னால் நின்று படம் பிடிக்கிறோம். ஒருவரைப் பார்த்ததும் பிடித்துப்போவதற்கு ஆங்கிலத்தில் ‘டேக் டு’ என்பார்கள். பற்றும் கையிலிருந்து இரண்டு மொழிகளும் தனித்தனியே இவ்வளவு தூரம் நடந்திருக்கின்றன! மருந்தும் பரீட்சையும் இதில் அடங்காது. அவற்றைத் தனியாகத்தான் படிக்க வேண்டும்.

தமிழ்ச் சொல்லின் பக்கத்தைச் சரிபார்க்க, சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதித் தளத்துக்குப் போங்கள். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனும், பர்ரோ–எமனோ திராவிட வேர்ச்சொல் அகராதியும் அங்கே இருக்கின்றன. நம் கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த நூல்களைக் காக்க 1994-இல் சென்னையில் நூலகம் அமைந்தபோது துணைநின்றதும் இதே பல்கலைக்கழகம்தான். செட்டிநாட்டுப் பிள்ளைகள் இதை அறிந்திருக்க வேண்டும்.

பின்சேர்க்கை: இதைப் படித்த சிலர், “தாக்கு என்ற தமிழ்ச் சொல்தானே டேக் ஆனது?” என்று கேட்டிருந்தார்கள். ஒலியும் நெருக்கம், தாக்கு என்பதில் தொடும் பொருளும் உண்டு, கேள்வி நியாயமானது. ஆனால் ஒரு ஜோடி ஒத்துப்போனால் உறவு ஆகிவிடாது, வரிசையாக ஒத்துப்போக வேண்டும். கன்னடத்தைப் பாருங்கள்: பிடி–ஹிடி, பால்–ஹாலு, புலி–ஹுலி, பல்–ஹல்லு. நம் ப அங்கே ஹ ஆவது ஒரு ஒழுங்காகவே நடக்கிறது. டேக்–தாக்கு ஜோடிக்குப் பின்னால் அப்படி ஒரு வரிசை இல்லை. அதனால் அதை நோட்டில் ஏற்ற வேண்டாம்.