சர்க்கரை நோயுள்ள சிநேகிதிக்கு என்ன இனிப்பு செய்து கொடுக்கலாம்?

கொலுவுக்கு வந்த எல்லாருக்கும் இனிப்பை நீட்டிவிட்டு, ஒருத்தியிடம் மட்டும் "உனக்குச் சுண்டல் போதும்ல?" என்று கேட்க எனக்கு மனசு வராது. என் சிநேகிதிக்குச் சர்க்கரை நோய். மாத்திரையோடு இன்சுலினும் போட்டுக்கொள்கிறாள். அவளுக்கென்று நான் செய்யும் இரண்டு இனிப்புகளை இங்கே சொல்கிறேன். அதற்கு முன்னால் எதையெல்லாம் செய்யக் கூடாது என்று சொல்லிவிட வேண்டும். நல்ல மனசோடு செய்துகொடுக்கிறவர்கள் தடுக்கி விழுகிற இடம் அதுதான்.

வெள்ளைச் சர்க்கரைக்குப் பதிலாகக் கருப்பட்டி போட்டேன், தேன் ஊற்றினேன் என்பார்கள். கருப்பட்டியிலும் வெல்லத்திலும் நாட்டுச்சர்க்கரையிலும் பெரும்பங்கு சுக்ரோஸ்தான், அதாவது வெள்ளைச் சர்க்கரையில் இருக்கிற அதே சர்க்கரைதான். பேரீச்சம்பழத்தில் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரை. கேழ்வரகு லட்டு நல்லதுதானே என்று கேட்பார்கள். கேழ்வரகில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்து, அதுவும் ரத்தத்தில் சர்க்கரையாகத்தான் போய்ச் சேரும். சர்க்கரையே போடாத திரட்டுப்பால்கூடச் சரிவராது. 1 லிட்டர் பசும்பாலில் 45 முதல் 50 கிராம் வரை லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை உண்டு. சுண்டக் காய்ச்சினால் தண்ணீர்தான் போகும், அது அப்படியே தங்கிவிடும்.

அதனால் பழைய பலகாரத்திலிருந்து சர்க்கரையை மட்டும் கழித்துப் பார்க்கிற வேலையே வேண்டாம். பனீர், எள், வேர்க்கடலை, தேங்காய் என்று மாவுச்சத்து குறைந்த பொருளிலிருந்து ஆரம்பியுங்கள். ஆனால் சிறுநீரகக் கோளாறும் இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இருந்தால் இந்தப் பருப்பும் பனீருமே அவர்களுக்கு ஆகாமல் போகலாம். அவர்கள் மருத்துவர் கொடுத்த உணவுப் பட்டியலைப் பார்த்த பிறகு அடுப்பைப் பற்றவைத்தால் போதும்.

இனிப்புக்கு நான் வாங்குவது எரித்ரிட்டால் என்ற சர்க்கரை மாற்று. சர்க்கரையின் இனிப்பில் 60 முதல் 70 சதவீதம் இருக்கும், ரத்தச் சர்க்கரையை ஏற்றாது. சீக்கிரம் கரையாது என்பதால் மிக்ஸியில் நைசாகப் பொடித்துக்கொள்ள வேண்டும். பாகு பதம் வரவே வராது. ஆறினதும் மறுபடி கல்கல்லாக உறைந்துவிடும். அதிரசம், ஜிலேபி, குலாப் ஜாமூன் எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள். நாக்கில் லேசாக ஒரு குளிர்ச்சி தட்டும். ஏலக்காயும் ஒரு சிட்டிகை உப்பும் அதை அடக்கும். ஸ்டீவியா என்ற, இலையிலிருந்து எடுக்கும் இனிப்பை வாங்குவதானால் பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்கள். மால்டோடெக்ஸ்ட்ரின், டெக்ஸ்ட்ரோஸ் என்று முதலில் போட்டிருந்தால் வேண்டாம், அவை சர்க்கரையை ஏற்றுபவை. இதய நோயும் உள்ளவர்கள் எரித்ரிட்டாலுக்கு மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. ரத்தத்தில் அதன் அளவு கூடுதலாக இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் வந்ததாக 2023-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. காரணம் அதுதான் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை, ஆனாலும் கேட்டுக்கொள்ளலாம்.

சரி, பனீர் இனிப்பு. 1 லிட்டர் பசும்பாலைக் காய்ச்சிப் பொங்கி வந்ததும் தீயைக் குறையுங்கள். 2 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றில் அதே அளவு தண்ணீர் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறுங்கள். பால் திரிந்து, இளம்பச்சை நிறத்தில் தண்ணீர் தனியாகத் தெளிந்ததும் அடுப்பை அணைத்துவிட வேண்டும். அதற்கு மேல் கொதித்தால் பனீர் ரப்பர் மாதிரி ஆகிவிடும். மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். பால் சர்க்கரையில் பெரும்பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடும், இவளுக்கு நான் பனீரைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான். அப்புறம் குளிர்ந்த தண்ணீரில் அலசினால் புளிப்பும் போகும். பிழிந்து அரை மணி நேரம் தொங்கவிடுங்கள்.

இனி கைவேலை. பனீரைத் தட்டில் கொட்டி உள்ளங்கையின் அடிப்பாகத்தால் தேய்த்துத் தேய்த்துப் பிசைய வேண்டும். முதலில் உதிரும், பிறகு மாவாகச் சேரும், கடைசியில் கையில் மெலிதாக நெய்ப்பசை தட்டும். விரலால் நசுக்கினால் ஒரு குருணைகூடத் தட்டுப்படக் கூடாது. இதில் அவசரப்பட்டால் இனிப்பு நறநறவென்றுதான் இருக்கும். 2 மேசைக்கரண்டி எரித்ரிட்டால் பொடி, கால் டீஸ்பூன் ஏலக்காய்ப்பொடி, உப்புச் சிட்டிகை சேர்த்து, அடி கனமான வாணலியில் சிறு தீயில் மூன்று நான்கு நிமிடம் கிளறுங்கள். ஓரம் விட்டு வரும்போது, ஈரம் இருக்கும்போதே இறக்கிவிடுங்கள். கை பொறுக்கிற சூட்டில் உருட்டித் தட்டி நடுவில் ஒரு பிஸ்தாவை அழுத்தினால் பத்து, பன்னிரண்டு வரும். குளிர வைத்துக் கொடுத்தால் எரித்ரிட்டாலின் குளிர்ச்சி உறுத்தாது.

எள்ளுருண்டை இதைவிடச் சுலபம். அரை கப் கறுப்பு எள்ளைப் படபடவென்று வெடிக்கும் வரை வறுங்கள். அரை கப் வேர்க்கடலையை வறுத்துத் தோல் நீக்குங்கள். கால் கப் கொப்பரைத் துருவலை லேசாகச் சூடு காட்டினால் போதும். எல்லாம் ஆறிய பிறகு மிக்ஸியில் விட்டு விட்டுச் சுற்றுங்கள். தொடர்ந்து ஓடவிட்டால் எண்ணெய் பிரிந்து விழுதாகிவிடும். 3 மேசைக்கரண்டி எரித்ரிட்டால் பொடி கலந்து அழுத்திப் பிடித்தால், எள்ளில் இருக்கிற எண்ணெயிலேயே உருண்டை நிற்கும், பாகே தேவையில்லை.

பனீர் இனிப்பை ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு நாளுக்குள் முடித்துவிட வேண்டும். சர்க்கரை இருந்தால் அது பண்டத்தைக் கெடாமல் காக்கும். இதில் அந்தக் காவல் இல்லை. சாப்பிடும் அளவிலும் நிதானம் வேண்டும். இரண்டு துண்டு போதும், எரித்ரிட்டால் அதிகமானால் வயிறு உப்பும். என் சிநேகிதி புதிதாக எது சாப்பிட்டாலும் இரண்டு மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பார்த்து எனக்குச் சொல்வாள். அவளுக்கு ஒத்துக்கொள்கிறதா என்பதை அந்த எண்ணைப் பார்த்துத்தான் நான் முடிவு செய்கிறேன்.

டப்பாவின் மேல் ஒரு சீட்டு ஒட்டி, உள்ளே என்னென்ன இருக்கிறது என்று எழுதுங்கள். பால், எள், வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள் வீட்டில் இருக்கலாம். இன்சுலின் போடுகிறவர்களானால் இன்னொரு வரியும் சேர்த்து எழுதுங்கள்: சர்க்கரை இறங்கி வியர்த்துப் படபடத்தால் இந்த இனிப்பு உதவாது, உடனே 3 டீஸ்பூன் சாதாரணச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவும்.