லிச்சிப் பதியம் ஏன் வேர்விடாமல் போகிறது?

தைப்பூசக் காவடி முடிந்த கையோடு லிச்சிக் கிளைகளில் விண்பதியம் கட்டுவது மொரீசியசில் எங்கள் வீட்டு வழக்கம். கிளையில் பட்டையை வளையமாக உரித்து, அங்கே ஈரப் பாசியோ மண்ணோ வைத்துப் பிளாஸ்டிக் தாளால் சுற்றி, மரத்தில் இருக்கும்போதே வேர்விட வைப்பதுதான் விண்பதியம். இங்கே அதற்கு 'மார்க்கோத்' என்று பெயர். மழையும் வெக்கையும் சேர்ந்த நாட்கள் அவை. பதியம் பிடிக்காவிட்டால் பாசியையோ மண்ணையோ குறை சொல்கிறோம். குறை பெரும்பாலும் கத்தி பட்ட இடத்தில் இருக்கிறது.

பட்டையை உரித்துவிட்டு, அதன் அடியில் வழுவழுப்பாக ஒட்டியிருக்கும் மெல்லிய படலத்தைச் சுரண்டாமல் விடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. அதுதான் கேம்பியம், ஓயாமல் பிரியும் செல்களின் அடுக்கு. அது மிஞ்சினால் புதுப் பட்டை படர்ந்து காயம் மூடிக்கொள்ளும். மரம் தன்னை ஆற்றிக்கொண்டது. நமக்கு வேர் கிடைக்கவில்லை. ஓர் அங்குலத்துக்கும் குறைவாக வளையம் எடுத்தாலும் இதே கதைதான்.

காயம் வெறும் சேதமன்று, செடிக்கு அது ஒரு சேதி. ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிலையத்தார் 2011இல் அராபிடாப்சிஸ் என்னும் சிறு கடுகினச் செடியில் விண்ட்1 என்ற மரபணுவைப் பற்றி எழுதினார்கள். வெட்டுப்பட்ட இடத்தில் அது விழித்து, ஏற்கெனவே ஒரு வேலையில் அமர்ந்துவிட்ட செல்களை இளநிலைக்குத் திருப்புகிறது. அப்படித் திரளும் திசுவே காலஸ்.

வேர்விடத் தூண்டும் தூளைக் காயத்தின் கீழ் விளிம்பில் பூசுவது அடுத்த தவறு. நுனித்தளிரில் உருவாகும் ஆக்சின் என்னும் வளர்ச்சி ஹார்மோன் கீழே இறங்கி, பட்டை அறுந்த இடத்தில் தடைப்பட்டு, மேல் விளிம்பில் தேங்குகிறது. வேர் கிளம்புவது அங்கிருந்துதான். அதே 2011இல் அராபிடாப்சிஸ் தண்டைப் பாதி அறுத்துப் பார்த்த இன்னோர் ஆய்வில், ஆக்சின் தேங்கிய மேற்பக்கம் ஒரு மரபணுவும், அது வற்றிய கீழ்ப்பக்கம் வேறொரு மரபணுவும் வேலை செய்தன. ஒரே கீறலின் இரண்டு உதடுகளுக்கு இரண்டு கட்டளைகள்! இதைப் படித்த நாள்முதல் என் கத்தி நிதானமாகத்தான் நகர்கிறது. பதியம் கட்டும் முன்பே நுனியைக் கிள்ளாதீர்கள் என்று நான் மன்றாடுவதும் இதனால்தான்.

ஒற்றை 'வேர் மரபணு' இருப்பதாக நம்பவும் வேண்டாம். காயம்பட்டதும் பெருகும் ஜாஸ்மோனிக் அமிலம், ஆக்சின், பல மரபணுக்கள் எல்லாம் கூடித்தான் வேரை உருவாக்குகின்றன. அராபிடாப்சிஸில் சில நாட்களில் முடிகிற வேலை லிச்சியில் இரண்டு மூன்று மாதம் எடுக்கும். முதல் வெள்ளை வேர் பிளாஸ்டிக் தாளுக்குள் தெரிந்ததுமே கிளையை அறுத்துவிடாமல், வேர்கள் கிளைவிட்டுப் பாசியை நிரப்பும்வரை காத்திருங்கள். அறுத்த பிறகு இலைகளில் பாதியைக் குறைத்து, சில வாரங்கள் நிழலில் வையுங்கள்.