கல்யாண வேலையும் 42 கிலோமீட்டரும்: இரண்டையும் ஒரே காலண்டரில் ஏற்றுவது எப்படி

என் கல்யாணத்துக்கு ஐந்து வாரம் முன்னால் முதல் மாரத்தான் ஓடினேன். ஓட்டமும் முடிந்தது, கல்யாணமும் நல்லபடியாக நடந்தது. ஆனால் பயிற்சியின் நடுவில் பன்னிரண்டு நாள், முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலியோடு நொண்டிக்கொண்டு திரிந்தேன். அதற்குக் காரணம் ஓட்டமில்லை, நான் போட்ட அட்டவணை. அதைத்தான் இங்கே பிரித்து எழுதப்போகிறேன்.

நீங்கள் ஏற்கெனவே வாரம் மூன்று நாளாவது ஓடுகிறீர்கள், 10 கி.மீ. நிற்காமல் முடிப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். ஷூ தேர்வு, மூச்சு, வார்ம்அப் எல்லாம் இதில் கிடையாது.

படி 1: இரண்டு தேதிகளுக்கு நடுவே இடைவெளி

ஓட்டம் முதலில், கல்யாணம் பிறகு. இது என் கட்சி. நடுவில் குறைந்தது மூன்று வாரம், முடிந்தால் ஐந்து. மாரத்தான் முடிந்த இரண்டாம் மூன்றாம் நாள்தான் கால்வலி உச்சத்துக்குப் போகும். மாடிப்படியில் பின்பக்கமாக இறங்க வேண்டியிருக்கும். அது ஒரு வாரத்தில் போய்விடும். உள்ளே தசை முழுசாகத் தேற இன்னும் இரண்டு வாரமாவது பிடிக்கும். கறுத்துப்போன கால் நகம் இதையெல்லாம் பற்றிக் கவலைப்படாது, மாதக்கணக்கில் அப்படியே இருக்கும்.

பதிவுக் கட்டணம் கட்டுமுன் ஒரு விஷயம் பாருங்கள்: உங்கள் இடத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைக்க அந்தப் போட்டி அனுமதிக்கிறதா? சில அனுமதிக்கும், சில அனுமதிக்காது. கல்யாணத் தேதி மாறினால் அப்போது உட்கார்ந்து விதிமுறை படிக்க நேரம் இருக்காது.

படி 2: பின்னாலிருந்து எண்ணுங்கள்

கல்யாண வாரத்தை 0 என்று வையுங்கள். ஐந்து வாரம் முன்னால் ஓட்டம். ஓட்டத்துக்கு முந்தைய மூன்று வாரம் டேப்பர், அதாவது தூரத்தைக் குறைத்துக்கொண்டே வரும் காலம். 18 வாரத் திட்டம் என்றால் பயிற்சி தொடங்குவது 23 வாரம் முன்னால். மிக நீளமான ஓட்டங்கள், 28, 30, 32 கி.மீ. எல்லாம், கல்யாணத்துக்கு 12 முதல் 8 வாரம் முன்னால் வந்து உட்காரும். 16 வாரத் திட்டங்களும் நிறைய உண்டு. எடுக்காதீர்கள். அந்த இரண்டு வாரம் உங்களுக்குக் கட்டாயம் தேவைப்படும்.

இப்போது கல்யாண வேலையைப் பாருங்கள். அது சீராக வராது. மண்டபம், போட்டோகிராபர் இரண்டும் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். பிறகு கொஞ்ச நாள் ஒன்றுமே நடக்காது, நாமும் ஏமாந்துபோவோம். அப்புறம் கடைசி மூன்று மாதத்தில் அழைப்பிதழ், துணி, விருந்தினர் பட்டியல் எல்லாம் ஒன்றாக வந்து விழும். மேலே எண்ணிய உச்ச வாரங்களும் அங்கேதான் இருக்கின்றன.

ஓட்டத்தின் உச்சத்தை நகர்த்த முடியாது. கல்யாண வேலையில் பாதியை நகர்த்தலாம். அழைப்பிதழின் வாசகம், விருந்தினர் பட்டியலின் முதல் வரைவு, துணி எடுப்பது, இந்த மூன்றையும் கல்யாணத்துக்கு 14 வாரம் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். "இவ்வளவு சீக்கிரமா?" என்று வீட்டில் கேட்பார்கள். கேட்கட்டும்.

படி 3: நீள ஓட்டத்தை ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வேறு நாளுக்கு மாற்றுங்கள்

நான் விழுந்த இடம் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாக.

எந்தப் பயிற்சித் திட்டத்தை எடுத்தாலும் நீள ஓட்டம் பெரும்பாலும் ஞாயிறு என்றுதான் போட்டிருக்கும். நானும் அப்படியே காப்பி அடித்தேன். ஆனால் கல்யாணம் சம்பந்தப்பட்ட அத்தனை பேருக்கும் ஓய்வு ஞாயிறுதான். இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து பேசுவது, துணி பார்ப்பது, சாப்பாடு ருசி பார்ப்பது எல்லாம் அன்றுதான். மூன்று ஞாயிறு தொடர்ந்து போனது. ஒரு ஞாயிறு 26 கி.மீ. போட்டிருந்தேன்; 9 கி.மீ.யில் திரும்பி வந்தேன்.

கைவிட்டுப் போகாத ஞாயிறுகளும் சும்மா விடவில்லை. ஒரு நாள் பிடிவாதமாகக் கிளம்பிவிட்டேன். 24-ஆவது கிலோமீட்டரில் அம்மா போன். "அச்சகத்துல நிக்கிறோம், ஃபைனல் அனுப்பியிருக்கு, பார்த்துட்டு ஓகே சொல்லு." விளக்குக் கம்பத்தடியில் நின்று, வியர்வைக் கையால் திரையை விரித்து விரித்துப் பார்த்தேன். விரல் வழுக்கிப் பக்கம் ஓடிக்கொண்டே இருந்தது. பெயர்கள் சரி, இடம் சரி. ஓகே என்று அனுப்பிவிட்டு மறுபடி ஓட ஆரம்பித்தேன். வரவேற்பு மாலை 6:30-க்கு. அச்சாகி வந்ததில் காலை 6:30. அத்தனை அழைப்பிதழிலும். தவறு என்னுடையது, அச்சகத்தைச் சொல்லிப் பயனில்லை.

அப்புறம் செய்த மாற்றம்: நீள ஓட்டம் புதன்கிழமை விடியற்காலை. கணக்கு இது. 30 கி.மீ.யை நிதானமாக, கிலோமீட்டருக்கு 6:45 என்று ஓடினால் 3 மணி 22 நிமிடம். 4:15-க்குக் கிளம்பினால் 7:40-க்குள் வீடு. அலுவலகம் தாமதமாகத் தொடங்கும் நாளாகப் பார்த்து வையுங்கள். இதற்குச் செவ்வாய் இரவு 8:30-க்குப் படுத்தாக வேண்டும். அதனால் வீட்டில் ஒரே ஒரு சட்டம் போட்டேன்: செவ்வாய் மாலை 7 மணிக்கு மேல் கல்யாணப் பேச்சு கிடையாது. முதல் வாரம் யாரும் மதிக்கவில்லை. இரண்டாம் வாரம் போனை அணைத்தே வைத்தேன். மூன்றாம் வாரத்திலிருந்து திங்கட்கிழமையே கேட்டு முடித்துவிட்டார்கள்.

ஓட்டத்தின் நடுவில் சாப்பிடும் ஜெல்லையும் (சத்துக்காக விழுங்கும் இனிப்புக் கூழ்) இந்தப் புதன்களில்தான் பழக வேண்டும். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்பது வழக்கமான அளவு. போட்டி அன்று புதிதாக எதையும் வயிற்றுக்குள் அனுப்பாதீர்கள்.

படி 4: தவறிய ஓட்டத்தை ஈடுகட்டாதீர்கள்

என் கால்வலி வந்த கதை இது. மூன்று ஞாயிறு போனதும் பதற்றம். ஒரே வாரத்தில் வெள்ளிக்கிழமை 18, ஞாயிறு 28, செவ்வாய் 14 என்று சேர்த்து ஓடினேன். புதன் காலை கட்டிலிலிருந்து இறங்கும்போதே முன்னெலும்பு சுரீர் என்றது. பன்னிரண்டு நாள் ஓட்டம் இல்லை. ஈடுகட்டப் போய் இன்னும் அதிகம் இழந்தேன். அந்த இரண்டு உபரி வாரமும் இங்கேதான் கரைந்தது.

இப்போது நான் சொல்வது இது. ஒன்றிரண்டு நாள் தவறினால் மறந்துவிடுங்கள். ஒரு வாரம் போனால், காலண்டர் எங்கே இருக்கிறதோ அங்கேயே சேர்ந்துகொள்ளுங்கள். அந்த வார நீள ஓட்டத்தில் மட்டும் கால்வாசி குறையுங்கள். இரண்டு வாரம் போனால் தாக்குப்பிடிக்கும் திறன் லேசாக இறங்க ஆரம்பித்திருக்கும். உபரி வாரத்தை எடுத்துக்கொண்டு ஒரு படி பின்னால் போய்த் தொடங்குங்கள், நேர இலக்கையும் விட்டுவிடுங்கள். முதல் மாரத்தானுக்கு நேர இலக்கு எதற்கு?

வாரத்தில் ஒரே ஓட்டத்துக்குத்தான் இடம் என்றால் அது நீள ஓட்டம். இரண்டு என்றால் அதோடு ஒரு நிதான ஓட்டம். வேகப் பயிற்சி கடைசியில்தான்.

படி 5: நிற்பதும் கணக்கில் சேரும்

துணிக்கடையில் ஐந்து மணி நேரம் நிற்பது ஓய்வு நாள் அல்ல. கடிகாரத்தில் கிலோமீட்டர் ஏறாது, காலில் ஏறும். நீள ஓட்டத்துக்கு முந்தைய நாள் எந்தக் கடைக்கும் போகாதீர்கள். மறுநாள் போகலாம், மெதுவாக நடப்பது காலுக்கு நல்லதுகூட.

படி 6: துணியும் அளவும்

பயிற்சி தொடங்குமுன் எடுத்த அளவில் தைத்த உடை, உச்ச வாரங்களில் போட்டுப் பார்த்தபோது இடுப்பில் தளர்வு, தொடையில் இறுக்கம். தையற்காரர் டேப்பை இரண்டு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். ஆகவே தையலில் உள்ளே துணி விடச் சொல்லுங்கள். கடைசி அளவை ஓட்டம் முடிந்து இரண்டு வாரம் கழித்துக் கொடுங்கள்.

ஓட்டத்துக்கு முந்தைய வாரம் மட்டும் அளவு கொடுக்கவே கூடாது. அப்போது மாவுச்சத்து அதிகம் சாப்பிடுவோம். அது தசையில் கிளைக்கோஜனாகச் சேரும்போது ஒவ்வொரு கிராமோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீரும் சேரும். ஒன்றிரண்டு கிலோ ஏறும். பயப்பட வேண்டாம், ஓடி முடித்தால் போய்விடும்.

உரசல் புண்ணுக்கு வாசலின். நீள ஓட்டத்துக்கு முன் அக்குளிலும் கழுத்தோரத்திலும் தாராளமாகத் தடவுங்கள். வெயிலில் ஓடினால் பனியன் மறைத்த இடம் வெளுத்துக் கோடு விழும். கல்யாண உடையின் கழுத்து எவ்வளவு அகலம் என்று பார்த்து, அந்தக் கோடு அதற்குள் வராதபடி பனியன் எடுங்கள். என் கடிகாரப் பட்டையின் வெள்ளைக் கோடு கல்யாணப் படம் அத்தனையிலும் இருக்கிறது.

போட்டோவுக்காகச் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். வாரம் 50, 60 கி.மீ. ஓடிக்கொண்டு பட்டினி கிடந்தால் எலும்பில் கீறல் விழும் அளவுக்குப் போகும். பெண்களுக்கு மாதவிடாய் நின்றாலோ தள்ளிக்கொண்டே போனாலோ மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

கருவிகள்

கல்யாணத் திட்டமிடலுக்கென்றே செயலிகள் இருக்கின்றன. இரண்டு போட்டுப் பார்த்தேன், இரண்டும் நாள் முழுக்க மணி அடித்தன. கூகுள் ஷீட் ஒன்று போதும்: வாரத்துக்கு ஒரு வரிசை, ஒரு பத்தி ஓட்டம், ஒரு பத்தி கல்யாணம். ஒரே வரிசையில் இரண்டு பத்தியும் நிரம்பியிருந்தால் ஏதோ ஒன்றை நகர்த்த வேண்டும் என்று அர்த்தம். அதையே அச்சடித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். வீட்டார் கண்ணில் பட்டது அந்தக் காகிதம்தான். ஓட்டத்தைப் பதிவுசெய்து பகிரும் செயலியான ஸ்ட்ராவாவில் மற்றவர்கள் ஓடும் தூரத்தைப் பார்ப்பதை இந்த ஆறு மாதம் நிறுத்திவையுங்கள்.

பிறகு சேர்த்தது

படித்தவர்கள் சிலர் கேட்டதால் இரண்டு விஷயம்.

விடியற்காலை இருட்டில் தனியாக எப்படி ஓடுவது என்று ஒரு பெண் கேட்டார். நியாயமான கேள்வி, நான் எழுத மறந்தது. நான் வீட்டைச் சுற்றி 3 கி.மீ. வட்டத்தைப் பத்துத் தடவை ஓடினேன். அலுப்புதான். ஆனால் தண்ணீர் பாட்டிலை வாசலில் வைத்துவிடலாம், இருப்பிடத்தை வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் பகிர்ந்தும் விடலாம். பாட்டுக் கேட்பதானால் ஒரு காதில் மட்டும்.

இன்னொருவருக்குக் கல்யாணம் முடிந்து பத்தாவது நாள் மாரத்தான். டேப்பர் நேரத்தில்தானே கல்யாணம் வருகிறது, எப்படியும் குறைவாகத்தானே ஓட வேண்டும் என்று கேட்டார். கணக்கு சரிதான். ஆனால் டேப்பர் என்பது தூக்கமும் சேர்ந்தது. அந்த வாரம் தூக்கம் இருக்காது, நூற்றுக்கணக்கான பேரோடு கைகுலுக்குவீர்கள், யாராவது ஒருவருக்கு ஜலதோஷம் இருக்கும். அதே போட்டியில் அரை மாரத்தான் இருந்தால் மாற்றிக்கொள்ளச் சொன்னேன். மாற்றிக்கொண்டார். ஓட்டத்துக்கு முதல் நாள் எழுதினார்: மூக்கு ஒழுகுகிறதாம், காய்ச்சல் இல்லையாம். கழுத்துக்கு மேலே மட்டும் என்றால் மெதுவாக ஓடுங்கள், நெஞ்சில் இறங்கினால் வேண்டாம் என்று பதில் போட்டேன்.