மீன் வாயில் வெள்ளைப் பஞ்சு: பூஞ்சை மருந்தை ஊற்றும் முன் இதைப் பாருங்கள்

சென்னை கொளத்தூரில் ஆசையாக வாங்கி வந்த ஆறு மோலி மீன்களுக்கு மூன்றாம் நாளே வாயைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சு கட்டியது. பூஞ்சை என்று நினைத்து அதற்கான மருந்தை ஊற்றினேன். இரண்டே நாளில் ஆறும் போய்விட்டன. அது பூஞ்சையே இல்லை, காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா. புதிதாக மீன் வளர்ப்பவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான்.

முதலில், உற்றுப் பாருங்கள்

பூஞ்சை பெரும்பாலும் பழைய காயத்தின்மேல் நீள இழைகளாக மெதுவாக வளரும். காலம்னாரிஸ் வாயிலும் செவுளிலும் தொடங்கும். சில சமயம் முதுகில் சேணம் போட்டது போல வெளிறிய பட்டை விழும். ஓரிரு நாளில் உயிரையே எடுத்துவிடும். துடுப்பின் ஓரம் கிழிந்து, வெளுத்தோ சிவந்தோ இருந்தால் துடுப்பு அழுகல். வயிறு வீங்கி, செதில்கள் பலாத்தோல் போலச் சிலிர்த்து நின்றால் உள்ளுறுப்பு வரை பாதிப்பு போயிருக்கிறது. அந்த மீன் பிழைப்பது கடினம். உடம்பெல்லாம் உப்புத் தூவியது போலப் புள்ளிகள் என்றால் அது ஒட்டுண்ணி, அதற்கு வேறு மருந்து.

அடுத்து, தண்ணீர்

மீன் கழிவிலிருந்து உருவாகும் நச்சுகளான அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். சோதனைக் கிட் கையில் இல்லையென்றாலும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை உடனே மாற்றுங்கள். மெட்ரோ தண்ணீரில் குளோரின் இருக்கும், அதை முறிக்கும் ஆன்டி குளோரின் சொட்டு மருந்தை விடாமல் ஊற்றாதீர்கள்.

நோயாளிக்குத் தனித் தொட்டி

20 லிட்டர் டப்பும் ஒரு ஏர் பம்ப்பும் போதும். மணல் வேண்டாம். வலையும் குழாயும் தனியாக இருக்கட்டும். ஹீட்டர் இருந்தால் அணைத்துவிடுங்கள்: சூடான தண்ணீரில் காலம்னாரிஸ் வேகமாகப் பரவும். மே மாத வெயிலில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டிவிடும், அப்போது மேல்பரப்பில் படும்படி மின்விசிறியைத் திருப்பி வையுங்கள்.

உப்பு, பிறகு மருந்து

அயோடின் சேர்க்காத கல்லுப்பு, லிட்டருக்கு 1 கிராம். 20 லிட்டருக்கு 20 கிராமைத் தனியாகக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். தண்ணீர் மாற்றும்போது மாற்றிய அளவுக்கு மட்டும் உப்பு சேர்த்தால் போதும். மோலி, கப்பி நன்றாகத் தாங்கும். கோரிடோரஸ், லோச் அவ்வளவாகத் தாங்காது. ஆரம்பக்கட்டத் துடுப்பு அழுகல் பல நேரம் சுத்தமான தண்ணீரிலும் உப்பிலுமே ஆறிவிடும்.

காலம்னாரிஸுக்கு இது போதாது, ஆன்டிபயாடிக் வேண்டும். வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையை உடைத்துப் போடவே போடாதீர்கள். கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்; மாதவரத்தில் மீன்வளப் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது, அங்கும் விசாரித்துப் பார்க்கலாம். போர் தண்ணீர்தான் ஊற்றுகிறீர்கள் என்றால் மறக்காமல் சொல்லுங்கள். ஆக்ஸிடெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கடினத் தண்ணீரிலுள்ள கால்சியத்தோடு ஒட்டிக்கொண்டு வலுவிழந்துவிடும். மருந்து விடும்போது ஃபில்டரிலிருந்து கரியை எடுத்துவிடுங்கள். மீன் தெளிந்துவிட்டது என்று பாதியில் நிறுத்தாதீர்கள்.

கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை இல்லாமல் தொட்டிக்குள் கை விடாதீர்கள். சில மீன் பாக்டீரியாக்கள் நம் தோலிலும் ஆறாத புண்ணை உண்டாக்கும்.