திருவருகைக் காலத்தை வீட்டில் கடைப்பிடிப்பது எப்படி?

டிசம்பர் பிறந்ததுமே புதுவையில் வாசல்தோறும் நட்சத்திரம் ஏறிவிடுகிறது. கேரல்ஸ் குழுவினரும் புறப்பட்டுவிடுகின்றனர். ஆயினும் திருவழிபாட்டின்படி அது கிறிஸ்துமஸ் காலம் அன்று, கிறிஸ்துவின் வருகைக்காகக் காத்திருக்கும் திருவருகைக் காலம். நவம்பர் 30-இல் வரும் புனித அந்திரேயா திருநாளை ஒட்டிய ஞாயிறன்று தொடங்கி, நான்கு ஞாயிறுகளைக் கொண்டு டிசம்பர் 24 மாலை வரை நீளும் இக்காலத்தோடுதான் திருச்சபையின் புதிய வழிபாட்டு ஆண்டும் தொடங்குகிறது.

முதலில் நான்கு மெழுகுதிரிகள் கொண்ட திருவருகை வளையம் செய்யுங்கள். 1839-இல் ஹம்பர்க் நகரில், கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று நச்சரித்த ஏழைச் சிறுவர்களுக்காக லுத்தரன் போதகர் யோஹான் விகெர்ன் வண்டிச் சக்கரமொன்றில் மெழுகுதிரிகளை நட்டுவைத்ததிலிருந்து வளர்ந்த வழக்கம் இது. நம் கடற்கரையோரத்துச் சவுக்குக் கிளைகளே இதற்குப் போதும். ஒரு தாம்பாளத்தில் ஈர மணலைப் பரப்பி, மூன்று ஊதா மெழுகுதிரிகளையும் ஓர் இளஞ்சிவப்புத் திரியையும் ஊன்றி, சுற்றிலும் கிளைகளை வையுங்கள். சவுக்கு காய்ந்தால் சட்டென்று தீப்பற்றும். ஆகவே வாரந்தோறும் புதுக்கிளை மாற்றுங்கள். வாரத்துக்கு ஒன்றாகத் திரிகளை ஏற்றிவாருங்கள். மனமாற்றத்தைக் குறிக்கும் ஊதாவிலிருந்து விலகி, மகிழ்ச்சி ஞாயிறு எனப்படும் மூன்றாம் ஞாயிறன்று இளஞ்சிவப்புத் திரியை ஏற்றுவது மரபு.

திரி ஏற்றியபின் அன்றைய விவிலிய வாசகத்தைப் படியுங்கள். இக்காலத்தின் பொருள் அங்கேதான் இருக்கிறது. டிசம்பர் 16 வரை திருச்சபை மாட்சியோடு மீண்டும் வரவிருக்கும் ஆண்டவரையே முன்னிறுத்துகிறது; எசாயாவும் திருமுழுக்கு யோவானும் நம்மை விழித்திருக்கச் சொல்கின்றனர். பெத்லகேமை மட்டும் நினைப்பவர்கள் இந்தப் பாதியை இழந்துவிடுகின்றனர் என்பதே என் வருத்தம். 17-ஆம் நாள்தான் வாசகங்கள் பிறப்பை நோக்கித் திரும்புகின்றன. அன்று வரும், மத்தேயு நற்செய்தியிலுள்ள இயேசுவின் தலைமுறைப் பட்டியலைத் தயவுசெய்து தாண்டிவிடாதீர்கள். பிள்ளைகள் ஆளுக்குச் சில பெயர்களாக உரக்கப் படிக்கட்டும். தாமார், இராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி என்று வரும் இடங்களில் நிறுத்தி, அவர்களின் கதையைச் சொல்லுங்கள். புறவினத்தாரும் பழிச்சொல்லுக்கு ஆளானோரும் இருந்த குடும்பத்தில் மீட்பர் பிறந்தார் என்பது பிள்ளைகளின் மனத்தில் பசுமரத்தாணிபோல் பதியும்.

இடையில் டிசம்பர் 8-இல் அமல உற்பவ அன்னையின் பெருவிழா வருகிறது. புதுவைப் பேராலயமான சம்பா கோவிலுக்கு அதுவே திருவிழா என்பதால் அன்று தாராளமாகக் கொண்டாடுங்கள்.

ஒப்புரவு அருட்சாதனத்தை (பாவசங்கீர்த்தனத்தை) கடைசி வாரக் கூட்டத்துக்குத் தள்ளிப்போடாமல், முன்னதாகவே பெற்றுக்கொள்ளுங்கள். கொடையையும் மறவாதீர்கள். இது நமக்குப் புயல் காலமும்கூட. 2024-இல் நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுவை அருகே கரையைக் கடந்தது. மறுநாள் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அலங்கார விளக்குகளுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை, மழைநீர் புகும் குடியிருப்பில் வாழும் ஒரு குடும்பத்துக்கென இப்போதே எடுத்துவையுங்கள்.

குடிலை முன்கூட்டியே கட்டலாம். குழந்தை இயேசுவை மட்டும் 24 இரவுத் திருப்பலிக்குப் பின் வையுங்கள். கிறிஸ்துமஸ் காலம் ஜனவரியில் வரும் ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை நீடிப்பதால், குடிலையும் நட்சத்திரத்தையும் அதுவரை கழற்ற வேண்டியதில்லை.